டர்பன் மேடை எல்லோருக்கும் திறந்தது, சம்பளம் யாருக்கு?

தென்னாப்பிரிக்க அரசியல் சட்டத்தில் தமிழுக்கு இடம் உண்டு. 1996-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 6-ஆம் பிரிவு, இந்த நாட்டுச் சமூகங்கள் பேசும் மொழிகளை வளர்க்க வேண்டும், மதிக்க வேண்டும் என்று சொல்லி, ஜெர்மன், கிரேக்கம், குஜராத்தி, இந்தி, போர்த்துகீசியம், தெலுங்கு, உருது ஆகியவற்றோடு தமிழையும் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. டர்பனில் தமிழ் விழா நடந்தால் வரவேற்புரையில் இது வந்துவிடும். கூட்டமும் கை தட்டும். அதே சட்டத்தின் 23-ஆம் பிரிவு, நியாயமான தொழில் நடைமுறைகளைப் பெறும் உரிமை எல்லோருக்கும் உண்டு என்கிறது. அந்த விழாவில் தவில் வாசித்தவருக்கும், ஆடிய பெண்ணுக்கும், ஒலிப்பெட்டிகளைத் தூக்கி வைத்தவருக்கும் நேரடியாக உதவ வேண்டியது இந்தப் பிரிவுதான். இதை வரவேற்புரையில் யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

இந்த ஊரின் கலை, பண்பாட்டுத் துறையில் பன்மையைப் பற்றிப் பேச்சு வந்தால், மேடையில் யார் முகமெல்லாம் தெரிகிறது என்ற கணக்கோடு அது முடிந்துவிடும். செப்டம்பர் 24 பாரம்பரிய தினத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு சூலு நடனம், ஒரு பரதநாட்டியம், ஒரு கவாலி, ஒரு தேவாலயப் பாடற்குழு, கடைசியில் எல்லோரும் சேர்ந்து ஒன்று. ஆளுக்கு ஏழெட்டு நிமிட ஐட்டம். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், டர்பனை உள்ளடக்கிய எதெக்வினி மாநகரத்தில் ஏறத்தாழ ஆறில் ஒருவர் இந்திய வம்சாவளியினர். அந்தப் பங்குக்கு மேடையில் இடம் இல்லை என்று யாரும் புகார் சொல்ல முடியாது.

சரி, அந்த ஏழு நிமிடத்துக்கு எத்தனை நாள் ஒத்திகை? ஒத்திகைக்குக் காசு உண்டா? காசு எப்போது வரும்? ஆடும்போது முட்டி பிசகினால் வைத்தியச் செலவு யாருடையது? ஆடியவர் சூலுவாக இருந்தாலும் தமிழராக இருந்தாலும் பதில் ஏறக்குறைய ஒன்றுதான், அது நல்ல பதிலும் இல்லை. பன்மையையும் வேலை நிலைமையையும் தனித்தனிக் கோப்புகளில் வைத்துத்தான் இங்கே பேசுகிறார்கள். டர்பனைப் பொறுத்தவரை இரண்டும் ஒரே கதை என்பது என் கட்சி. அது ஏன் என்று சொல்லக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

பகலில் வேலை, ராத்திரியில் கலை

1860 நவம்பர் 16 அன்று ‘ட்ரூரோ’ கப்பல் சென்னையிலிருந்து 342 பேரைக் கொண்டுவந்து டர்பன் துறைமுகத்தில் இறக்கியது. 1911-இல் ஒப்பந்தக் கூலி முறை நிற்கும்வரை வந்தவர்கள் சுமார் 1,52,000 பேர். அவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் தமிழும் தெலுங்கும் பேசிய தெற்கத்திக்காரர்கள். தெருக்கூத்து அவர்களோடு கப்பல் ஏறி வந்தது. டர்பன் இருக்கும் நட்டால் மாகாணத்தில் அதற்கு ‘சிக்ஸ் ஃபுட் டான்ஸ்’ என்று பேர் விழுந்தது. வயதானவர்களிடம் கேட்டால் இப்போதும் விடிய விடிய நடந்த கூத்துகளைப் பற்றிச் சொல்வார்கள். வேஷம் கட்டியவர்கள் பகலில் கரும்புக் காட்டில் வேலை பார்த்தவர்கள். கலை என்றால் கூலி வேலை முடிந்த பிறகு செய்வது, கோயிலுக்குச் செய்வது, காசு கேட்காமல் செய்வது என்ற பழக்கம் அந்தத் தோட்டங்களில் ஊன்றியது. அதில் ஒரு பெருமையும் இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் நூறு ஆண்டு கழித்து அதே பழக்கம் வேறு யாருக்கோ வசதியாகப் போனது.

1950-இல், ஒவ்வோர் இனமும் தனித்தனிப் பகுதியில்தான் வாழ வேண்டும் என்ற குழுப் பகுதிகள் சட்டம் வந்தது. கேட்டோ மேனர் போன்ற இடங்களில் இருந்தவர்களைக் கிளப்பி, 1964 முதல் இந்தியருக்கென்று கட்டிய சாட்ஸ்வொர்த்தில் குடியேற்றினார்கள். 1970களின் நடுவில் ஃபீனிக்ஸ் என்ற இன்னோர் இந்தியர் குடியிருப்பு எழுந்தது. 1965-இல் வந்த ஓர் அரசுப் பிரகடனம், அனுமதிச் சீட்டு இல்லாமல் வெவ்வேறு இனத்தவர் ஒரே மேடையில் நடிப்பதையும் ஒரே அரங்கில் உட்கார்ந்து பார்ப்பதையும் தடுத்தது. அதற்கு முன் விக்டோரியா தெருவில் பம்பி நாயுடு நடத்திய குட்வில் லவுஞ்சில் ஆப்பிரிக்கரும் இந்தியரும் கலந்து உட்கார்ந்து ஜாஸ் கேட்டிருக்கிறார்கள். அப்படிப்பட்ட இடங்கள் ஒவ்வொன்றாக அடங்கின.

நம்மவர்களின் நாடகம் வளர்ந்தது இந்த நெருக்கடிக்குள்தான். 1964-இல் ஷா நாடகப் பயிலகம் தொடங்கியது. ரோனி கோவெண்டர், முத்தாள் நாயுடு போன்றவர்கள் அதில் இருந்தார்கள். ரோனி கோவெண்டர் பள்ளி ஆசிரியராகவும் பத்திரிகையாளராகவும் பிழைத்துக்கொண்டே நாடகம் எழுதியவர். ஸ்டேபிள் தியேட்டரைத் தொடங்கிய கெஸ்ஸி கோவெண்டர் கொத்து வேலை பார்த்தவர். நாடகத்தை நம்பி வீட்டு வாடகை கட்டும் வழி இவர்களுக்கு இல்லை. பகலில் ஒரு தொழில், மாலையில் ஒத்திகை. அரசியல் நாடகம் போட்டால் சிறைக்கும் போக நேரிட்டது. நட்டால் நாடகக் கவுன்சிலில் இயங்கிய ஸ்ட்ரினி மூட்லி, சாத்ஸ் கூப்பர் இருவரும் 1975-76 வழக்கில் பயங்கரவாதச் சட்டத்தின் கீழ் தண்டனை பெற்று ராபன் தீவுச் சிறைக்கு அனுப்பப்பட்டார்கள். அந்த வழக்கில் நாடகங்களும் கவிதைகளும்கூட அரசுத் தரப்புச் சான்றுகளாகக் காட்டப்பட்டன.

அதே ஊரில், அதே ஆண்டுகளில், மாதச் சம்பளம் வாங்கிய கலைஞர்களும் இருந்தார்கள். 1963-இல் அரசு நான்கு மாகாணங்களுக்கும் நிகழ்த்துகலைக் கவுன்சில்களை அமைத்தது. நட்டாலுக்கு வந்தது நாபாக். நாடகம், நடனம், இசை என்று நிரந்தரக் குழுக்கள். சம்பளம் உண்டு, அரங்கம் உண்டு, உடை தைக்கத் தனிப் பட்டறை உண்டு. எல்லாம் வெள்ளையருக்கு. 1986-இல் பழைய சினிமா அரங்குகளைப் புதுப்பித்து நாபாக்குக்காகத் திறந்ததுதான் இப்போதைய பிளேஹவுஸ். நிறவெறிக் காலத்து டர்பனில் வெள்ளையருக்குக் கலை ஓர் உத்தியோகம். மற்றவர்களுக்கு அது பொழுதுபோக்கு, பக்தி, இல்லாவிட்டால் போராட்டம்.

1994-க்குப் பிறகு இந்தக் கதவு திறந்தது. திறந்த விதம்தான் முக்கியம். 1996-இல் வந்த கலை, பண்பாட்டு வெள்ளை அறிக்கை, நான்கு கவுன்சில்களும் விழுங்கிக்கொண்டிருந்த பணத்தைப் பரவலாக்க முடிவு செய்தது. அதில் நியாயம் இருந்தது. நாட்டின் கலைப் பணத்தில் பெரும்பகுதியை நான்கு வெள்ளை நிறுவனங்கள் வைத்திருந்ததை யார் ஏற்பார்கள்? ஆனால் பணத்தை எடுத்தபோது நிரந்தரக் குழுக்களும் கலைந்தன. 1990களின் இறுதிக்குள் இந்த அரங்குகள் பெரும்பாலும் வெளிக்குழுக்களை வரவேற்று இடம் கொடுக்கும் கட்டடங்கள் ஆகிவிட்டன. கலைஞர்களுக்குத் தேசியக் கலைக் கவுன்சில் மூலம் திட்டத்துக்குத் திட்டம் மானியம் என்ற முறை வந்தது.

எல்லா இனத்தவரும் உள்ளே வரலாம் என்று ஆன அதே சில ஆண்டுகளில், உள்ளே இருந்த சம்பள வேலைகள் காணாமல் போயின. முன்பு வெள்ளையருக்கு மட்டும் நிரந்தர வேலை; இப்போது யாருக்கும் நிரந்தர வேலை இல்லை. சமத்துவம் இந்த வழியாகவும் வரும் போலிருக்கிறது. தோட்டத்தில் ஊன்றிய பழக்கம், ராத்திரியில் ஆடு, பகலில் வேறு வேலை பார் என்பது, ஃப்ரீலான்ஸ் என்ற புதுப் பெயரில் துறை முழுவதற்கும் விதியானது. சேமிப்பும் கார் வைத்திருக்கும் பெற்றோரும் உள்ள பிள்ளைகள் இந்த விதியைச் சமாளித்துக்கொள்வார்கள். சாட்ஸ்வொர்த் யூனிட் 3-இலிருந்தோ ஆப்பிரிக்கர் குடியிருப்பான க்வாமாஷுவிலிருந்தோ வருகிற பிள்ளைக்கு அது கஷ்டம். ராத்திரி பத்து மணிக்கு நிகழ்ச்சி முடிந்தால் வீடு திரும்ப டாக்ஸி வேன் கிடைக்காது. பெண்களாக இருந்தால் வீட்டில் விடவே மாட்டார்கள். பன்மை சுருங்குவது இந்த இடத்தில்தான், வேஷத்துக்கு ஆள் எடுக்கும் நாளில் மட்டுமல்ல.

சட்டம் யாரைத் தொழிலாளி என்கிறது

1995-ஆம் ஆண்டுத் தொழிலுறவுச் சட்டம் நல்ல சட்டம். காரணம் இல்லாமல் வேலையை விட்டு நீக்க முடியாது, சங்கம் வைக்கலாம், வேலைநிறுத்தம் செய்யலாம். ஆனால் அது பேசுவது ஊழியரைப் பற்றி. சுயேச்சை ஒப்பந்தக்காரருக்கு அதில் இடமில்லை. டர்பனில் நடிகர், நடனக் கலைஞர், ஒலிப்பதிவாளர், ஒப்பனைக்காரர், வானொலி அறிவிப்பாளர் என்று பெரும்பாலோர் கையெழுத்துப் போடுவது சுயேச்சை ஒப்பந்தக்காரர் என்று எழுதிய தாளில். அந்தத் தாளும் இல்லாமல் வாட்ஸ்அப் செய்தியோடு முடிகிற வேலைகள் இன்னும் அதிகம்.

அந்தக் கையெழுத்தால் என்னென்ன போகிறது என்று பாருங்கள். ஊதியத்தோடு விடுப்பு இல்லை. நோய்வாய்ப்பட்டால் ஒன்றும் இல்லை. பிள்ளைப்பேற்றுக்கோ வேலை போன காலத்துக்கோ வேலையின்மைக் காப்பீட்டு நிதியிலிருந்து எதுவும் வராது. தொழில் விபத்து இழப்பீட்டுச் சட்டமும் ஊழியருக்கு மட்டும்தான். நடனக்காரருக்குக் கால்தான் முதல் என்று எல்லோருக்கும் தெரியும். சட்டத்துக்கு மட்டும் தெரியாது.

வரி விஷயம் வந்தால் கதை மாறுகிறது. வாரத்துக்கு 22 மணி நேரத்துக்குக் குறைவாக வேலை பார்ப்பவரிடம் பொதுவாக 25 சதவீதத்தைப் பிடித்துக்கொண்டுதான் மீதியைக் கொடுக்க வேண்டும் என்பது வருமான வரித்துறை விதி. வரிச் சட்டத்தின் அளவுகோல் வேறு, தொழில் சட்டத்தின் அளவுகோல் வேறு. ஆகவே ஒரே ஆள், ஒரே படப்பிடிப்பில், வரி பிடிக்கும்போது ஊழியராகவும் விடுப்பு கேட்கும்போது சுயதொழில்காரராகவும் இருக்க முடியும். எரிச்சலூட்டும் விஷயம்தான், ஆனால் சட்டப்படி சரி.

சேர்ந்து பேரம் பேசலாமே என்றால் அங்கேயும் ஒரு முட்டுக்கட்டை. சுயதொழில் செய்பவர்கள் கூடி, இன்ன ரேட்டுக்குக் குறைந்து யாரும் நடிக்கக் கூடாது என்று முடிவெடுத்தால், 1998-ஆம் ஆண்டுப் போட்டிச் சட்டத்தின் கண்ணில் அது வியாபாரிகள் கூடி விலை வைப்பது போல ஆகிவிடும் அபாயம் உண்டு. சிமென்ட் கம்பெனிகளைத் தடுக்க எழுதிய சட்டம் துணை நடிகர்களையும் பயமுறுத்துகிறது. 2009-இல் தொடங்கிய தென்னாப்பிரிக்க நடிகர் கில்டுக்கு இது நிரந்தரத் தலைவலி.

வழியே இல்லை என்று சொல்ல மாட்டேன். 2002-இல் சேர்த்த ஒரு திருத்தப்படி, வருமானம் குறிப்பிட்ட வரம்புக்குள் இருந்து, வேலை நேரத்தை அடுத்தவர் தீர்மானிப்பது, கருவிகளை அடுத்தவர் தருவது போன்ற ஏழு அடையாளங்களில் ஒன்று இருந்தாலே அவரை ஊழியர் என்று சட்டம் அனுமானிக்கும். வரம்பு 2025 ஏப்ரலில் ஆண்டுக்கு 2,61,748 ராண்ட். நம் கலைஞர்களில் பெரும்பாலோர் அதற்குள் அடங்குவார்கள் என்று நினைக்கிறேன். ஆனால் தொழில் தகராறுகளை விசாரிக்கும் சமரச ஆணையத்துக்குப் போய் வழக்குச் சொல்ல வேண்டும். வேலை கொடுப்பவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய ஊரில் ஒருவர் மேல் வழக்குப் போட்டால் அடுத்த வேலை யார் கொடுப்பார்கள்?

குறைந்தபட்ச ஊதியச் சட்டம் இன்னும் பயனுள்ளது. 2019-இல் மணிக்கு 20 ராண்ட் என்று தொடங்கி, 2025 மார்ச்சில் 28.79 ராண்ட் ஆனது. இந்தச் சட்டத்தில் தொழிலாளி என்பதன் வரையறை கொஞ்சம் அகலமானது. ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு நிகழ்ச்சிக்கு 1,500 ராண்ட் என்று பேசுகிறார்கள். பரவாயில்லையே என்று தோன்றும். ஆறு வாரம், வாரத்துக்கு 10 மணி நேரம் ஒத்திகை. 60 மணி நேரத்துக்கு வகுத்தால் மணிக்கு 25 ராண்ட். நிகழ்ச்சி நாளையும், பெட்ரோலையும், உடை துவைத்த செலவையும் நான் சேர்க்கவே இல்லை. ஒத்திகை வேலைதான் என்று ஒத்துக்கொண்டால் டர்பனின் பல நிகழ்ச்சிகள் குறைந்தபட்ச ஊதியத்துக்குக் கீழே நடப்பவை என்று தெரியவரும். அதனால்தான் ஒத்திகையைப் பற்றி யாரும் எழுத்தில் பேசுவதில்லை.

பன்மைக்கென்றே இருக்கிற சட்டத்தையும் பார்த்துவிடுவோம். 1998-ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சமத்துவச் சட்டம், ஆப்பிரிக்கர், கலப்பினத்தவர், இந்தியர், பெண்கள், மாற்றுத்திறனாளிகள் எத்தனை பேர் எந்தப் பதவியில் இருக்கிறார்கள் என்று நிறுவனங்களிடம் கணக்குக் கேட்கிறது. 2025 தொடக்கத்திலிருந்து அந்தக் கடமை 50 அல்லது அதற்கு மேல் ஊழியர் உள்ள நிறுவனங்களுக்கு மட்டும். அரசு ஒலிபரப்புக் கழகம் இதில் வரும், பெரிய அரங்கமும் வரும். ஆனால் அங்கே எண்ணப்படுபவர்கள் நிர்வாகிகள், கணக்கர்கள், அலுவலகத்தினர். மேடையில் நின்றவர் ஊழியர் இல்லை என்பதால் அவர் இந்தக் கணக்கிலும் விழமாட்டார். கலைத்துறையின் பன்மை அறிக்கையில் கலைஞர் இல்லை. இதைச் சொன்னால் சிலர் சிரிக்கிறார்கள். நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

இதெல்லாம் 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது வெட்டவெளிச்சமானது. ஊழியர்களுக்குக் காப்பீட்டு நிதியிலிருந்து ஊரடங்கு உதவி கிடைத்தது. நிதிக்குச் சந்தா கட்டாத ஃப்ரீலான்ஸ் கலைஞர்களுக்கு அந்த வழி இல்லை. கலைத்துறை அமைச்சகம் விளையாட்டையும் சேர்த்து 15 கோடி ராண்ட் நிவாரணம் என்று அறிவித்தது. பிறகு வேலைவாய்ப்புத் தூண்டுதல் திட்டத்தில் தேசியக் கலைக் கவுன்சிலுக்கு 30 கோடி ராண்ட் வந்தது. கவுன்சில் கையில் இருந்ததைவிட அதிகத் தொகைக்கு ஒப்புதல் கடிதம் கொடுத்துவிட்டு, ஒப்பந்தத் தொகைகளைக் குறைத்தது. 2021 மார்ச்சில் ஓபரா பாடகி சிபோங்கிலே ம்ங்கோமா உள்ளிட்ட கலைஞர்கள் ஜோகன்னஸ்பர்க்கில் கவுன்சில் அலுவலகத்துக்குள் உட்கார்ந்தார்கள். ஏறத்தாழ இரண்டு மாதம் அங்கேயே தங்கினார்கள். பாடகர்கள் தரையில் படுத்துக் கிடந்த அந்தப் படங்கள் எந்த ஆய்வறிக்கையையும்விடத் தெளிவாக நிலைமையைச் சொல்லின.

தொலைக்காட்சியும் லோட்டஸும்

டர்பனில் நடிகருக்கு ஓரளவு தொடர்ச்சியான வருமானம் தருவது தொலைக்காட்சித் தொடர்தான். 2015-இல் தொடங்கிய உசாலோ இங்கேதான் எடுக்கப்படுகிறது. 2018-இல் தொடங்கிய இம்பேவுவில் ஓர் இந்தியக் குடும்பமும் கதைக்குள் இருந்தது; நம் நடிகர்களுக்குத் தினசரி வேலை கிடைத்தது. 2023-இல் அது நின்றுபோனது. ஊரில் தொடர் ஒன்று குறைந்தால் நடிகர் மட்டும் பாதிக்கப்படுவதில்லை. தையல்காரர், ஓட்டுநர், சாப்பாடு கட்டுபவர் என்று வரிசையாகப் போகும். மத்திய அரசின் படத் தயாரிப்பு ஊக்கத்தொகை தாமதமாகி, 2025 ஜனவரியில் திரைத்துறையினர் கேப் டவுனிலும் பிரிட்டோரியாவிலும் தெருவில் இறங்கினார்கள்.

வேலை கிடைத்தாலும் நிலைமை எப்படி என்பதற்கு நாடறிந்த இரண்டு சம்பவங்கள் போதும். 2014-இல் ஜெனரேஷன்ஸ் தொடரின் 16 நடிகர்கள் ஊதியம் கேட்டு வேலைக்குப் போகாமல் நின்றார்கள்; 16 பேரையும் நீக்கினார்கள். 2019-இல் நடிகை வாட்டிஸ்வா ந்தாரா துறை அமைச்சருக்குத் திறந்த மடல் எழுதி, ஊதியம், வேலை நேரம், மறு ஒளிபரப்புப் பணம் எல்லாவற்றையும் போட்டு உடைத்தார். மறு ஒளிபரப்பு முக்கியமான விஷயம். 1967-ஆம் ஆண்டு நிகழ்த்துகலைஞர் பாதுகாப்புச் சட்டம்தான் இன்னும் நடப்பில் இருக்கிறது. ஒப்பந்தத்தில் எழுதியிருந்தால் ஒழிய, நடித்த படம் நூறு தடவை ஓடினாலும் நடிகருக்குப் பணம் வரவேண்டும் என்று அது சொல்வதில்லை. அதை மாற்றும் மசோதாவும் பதிப்புரிமைத் திருத்த மசோதாவும் 2019-இல் நாடாளுமன்றத்தில் நிறைவேறின. ஜனாதிபதி 2020-இல் திருப்பி அனுப்பினார். 2024 பிப்ரவரியில் மறுபடி நிறைவேறின. அதே ஆண்டு அக்டோபரில் அவர் இரண்டையும் அரசியல் சட்ட நீதிமன்றத்துக்கு அனுப்பினார்.

இந்திய முகங்களுக்கு என்ன வேஷம் கிடைக்கிறது என்பது தனிக் கட்டுரைக்கான விஷயம். கடைக்காரர், மாமியார், ஆங்கிலத்தை ஒரு தினுசாகப் பேசிச் சிரிக்க வைப்பவர். 2017-இல் சாட்ஸ்வொர்த்தைக் களமாக வைத்து வந்த கந்தசாமி குடும்ப நகைச்சுவைப் படம் நாடு முழுக்க நன்றாக ஓடி, தொடர் பாகங்களும் வந்தன. அந்த வகை நகைச்சுவையைக் கேலியாகப் பார்க்கும் நண்பர்கள் எனக்கு உண்டு. என் எண்ணம் வேறு: டர்பன் இந்திய நடிகர்களில் பலருக்கு மின்சாரக் கட்டணம் கட்டியது நகைச்சுவைதான்.

வானொலிப் பக்கம் லோட்டஸ் எஃப்எம் இருக்கிறது. 1983-இல் ரேடியோ லோட்டஸ் என்று தொடங்கிய அரசு ஒலிபரப்பு. பெரும்பாலும் ஆங்கிலம், இடையே தமிழ், இந்தி, தெலுங்கு, குஜராத்தி, உருது. 2016 மே மாதம் ஒலிபரப்புக் கழகத்தின் அன்றைய தலைமை இயக்க அதிகாரி ஹ்லாவுடி மொட்சோனெங், வானொலிகளில் 90 சதவீதம் உள்நாட்டு இசை ஒலிக்க வேண்டும் என்று உத்தரவு போட்டார். உள்நாட்டுக் கலைஞருக்கு நல்லதுதானே என்று தோன்றும். ஆனால் லோட்டஸ் நேயர்கள் இளையராஜாவையும் ரகுமானையும் கேட்கப் பழகியவர்கள். டர்பனில் பதிவான தமிழ்ப் பாட்டுகள் நாள் முழுவதையும் நிரப்பும் அளவுக்கு இல்லை. ஏன் இல்லை? ஸ்டுடியோவுக்கும் வாத்தியக்காரருக்கும் பணம் போட ஆள் இல்லாததால். பாடகரை வளர்க்கும் வேலையைச் செய்யாமல், அவருக்கு 90 சதவீத நேரத்தை ஒதுக்கினார்கள். நேயர்கள் போய்விட்டார்கள், கொள்கையும் பின்னால் கைவிடப்பட்டது. இதில் எல்லோரும் தோற்றார்கள், உள்ளூர்ப் பாடகரும்தான். அறிவிப்பாளர்களின் ஒப்பந்தம் ஆண்டுக்கு ஆண்டு புதுப்பிக்கப்படுவது. ஏப்ரல் வந்தால் யார் இருப்பார், யார் போவார் என்ற பேச்சு வந்துவிடும்.

நம் வீட்டுக் கணக்கு

அரசையும் தயாரிப்பாளரையும் பற்றிப் பேசிவிட்டு நிறுத்தினால் நியாயமாகாது. டர்பனில் தமிழ்க் கலைஞருக்கு வேலை கொடுப்பவர்களில் முக்கியமானவர்கள் நாம்தான். கோயில்கள், தமிழ்ச் சங்கங்கள், ஐஸ்டெட்ஃபாட் என்ற கலைப் போட்டி நடத்துவோர், கல்யாண வீட்டார், அரங்கேற்றம் செய்யும் பெற்றோர். தைப்பூசக் காவடியிலிருந்து, ஈஸ்டரில் இசிப்பிங்கோ மாரியம்மன் கோயில் திருவிழா, புரட்டாசி, தீபாவளி வரை தவிலும் பம்பையும் பாட்டும் இல்லாமல் ஒரு மாதம் நகராது.

இங்கே ஊதியம் பேசுவது கூச்சமான காரியம். சாமிக்குச் செய்வதற்குக் காசா என்ற கேள்வி வாய்விட்டு வராது, முகத்தில் வரும். வெற்றிலைத் தட்டில் வைத்துக் கொடுப்பதை வாங்கிக்கொள்ள வேண்டும். அதே கோயில் பந்தல்காரரிடமோ ஜெனரேட்டர்காரரிடமோ சாமி பேரைச் சொல்லி விலை குறைக்காது. சென்னையிலிருந்து வருகிற பாடகருக்கு விமானச் சீட்டு, ஹோட்டல், முன்பணம், குடியேற்றச் சட்டத்தின் 11-ஆம் பிரிவின் கீழ் குறுகிய கால வேலை அனுமதி எல்லாம் ஒழுங்காக நடக்கும். அவருக்கு முன்னால் பாடிய சாட்ஸ்வொர்த் பிள்ளைக்குக் காசுக்குப் பதில் ‘எக்ஸ்போஷர்’, அதாவது நாலு பேருக்குத் தெரியவருவது. சென்னைக்காரர் வரக் கூடாது என்று நான் சொல்லவில்லை. அரங்கேற்றத்துக்கு நல்ல மிருதங்கம் வேண்டும் என்று எந்த அம்மாவும் ஆசைப்படுவார். ஆனால் உள்ளூர் மிருதங்கக்காரர் அதை வைத்துப் பிழைக்க முடியாதவரை அடுத்த தலைமுறையிலும் சென்னைக்குத்தான் ஃபோன் போட வேண்டியிருக்கும். பழைய டர்பன்-வெஸ்ட்வில் பல்கலைக்கழகத்தில் இந்திய மொழிகளும் இந்திய இசையும் சொல்லிக்கொடுத்த ஏற்பாடு தேய்ந்துபோனதும், கற்றுக்கொடுத்துச் சம்பளம் வாங்கும் வழியும் குறுகிவிட்டது.

இன்னொரு விஷயம் இதைவிடச் சங்கடமானது. நம் நிகழ்ச்சிகளில் மேடை போடுபவர்கள், பெட்டி தூக்குபவர்கள், காவலுக்கு நிற்பவர்கள் பெரும்பாலும் சூலு பேசும் ஆப்பிரிக்கர்கள். கூட்டு நிகழ்ச்சி என்று சூலு நடனக் குழுவைக் கூப்பிடும்போதும், நம் பிள்ளைகளுக்கு முதல் வரிசை, அவர்களுக்குக் கடைசி ஐட்டம். ஆப்பிரிக்கருக்கும் இந்தியருக்கும் இடையே நடந்த 1949 கலவரத்தில் 142 பேர் செத்த ஊர் இது. 2002-இல் இந்தியரைச் சாடி எம்பொங்கேனி ங்கேமா எழுதிய சூலுப் பாட்டை ஒலிபரப்புப் புகார் ஆணையம் வெறுப்புப் பேச்சு என்று தீர்ப்புச் சொன்னது; அந்தப் பாட்டின் புகார்களில் பெரும்பகுதி கடை, வேலை, பணம் பற்றியவை. 2021 ஜூலைக் கலவரத்தில் ஃபீனிக்ஸில் 30-க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள், பெரும்பாலோர் ஆப்பிரிக்கர்கள். இப்படிப்பட்ட ஊரில் கலை ஒற்றுமையை வளர்க்கும் என்று மேடையில் பேசுகிறோம். பரதநாட்டியத்தையும் சூலு நடனத்தையும் ஒரே குழுவில் வைத்துச் சூரியா கோவெண்டர் நடத்திய சூரியலங்கா போன்ற முயற்சிகள் 1990களில் நிஜமாகவே ஒன்றைச் செய்து காட்டின. அங்கே இரு தரப்பாரும் ஒன்றாக ஒத்திகை பார்த்தார்கள், ஒருவர் அடவை மற்றவர் கற்றுக்கொண்டார். அதற்கு மாதக் கணக்கில் நேரம் வேண்டும், நேரத்துக்குப் பணம் வேண்டும். ஏழு நிமிட ஐட்டத்துக்கு நேரமும் தேவைப்படாது, பணமும் தேவைப்படாது. எல்லோரும் அதைப் பிடித்துக்கொண்டதற்குக் காரணம் அவ்வளவுதான்.

நகராட்சியின் கதை தனி. நகராட்சி நிதிச் சட்டப்படி பில் வந்த 30 நாளுக்குள் பணம் கொடுக்க வேண்டும். பில் கொடுக்க முதலில் மத்திய சப்ளையர் பட்டியலில் பதிவு, வரிச் சான்று, வங்கிக் கடிதம் எல்லாம் வேண்டும். கம்பெனி வைத்திருப்பவர் இதைச் செய்வார். தனி நாதஸ்வரக்காரர் செய்ய மாட்டார். ஓர் ஏற்பாட்டாளர் வழியாகப் போவார், ஏற்பாட்டாளர் தன் பங்கை எடுத்துக்கொள்வார். யுனெஸ்கோ 2017-இல் டர்பனை இலக்கிய நகரமாக அறிவித்தது, ஆப்பிரிக்காவில் அந்தப் பெயர் பெற்ற முதல் ஊர். 1979 முதல் நடக்கும் சர்வதேசத் திரைப்பட விழாவும் இருக்கிறது. பேர் வாங்குவதில் இந்த ஊர் கெட்டிதான்.

சட்டத்தை மாற்றுவது பிரிட்டோரியாவில் நடக்க வேண்டிய வேலை. வேலை நிலைமைச் சட்டத்தின் 83-ஆம் பிரிவின் கீழ், ஒரு தொழிலில் உள்ளவர்களை ஊழியர்களாகக் கருத வேண்டும் என்று அமைச்சர் அறிவிக்கலாம், மசோதா தேவையில்லை. அது வரும்போது வரட்டும். கோயில் கமிட்டிக்கும் சங்கத்துக்கும் அதுவரை காத்திருக்க அவசியமில்லை. ஒரு பக்கத் தாள் போதும்: எத்தனை மணி நேர ஒத்திகை, ஒத்திகைக்கு எவ்வளவு, நிகழ்ச்சிக்கு எவ்வளவு, எந்தத் தேதிக்குள் வங்கியில் விழும், ராத்திரி வீட்டுக்கு யார் கொண்டுபோய் விடுவது. பெட்டி தூக்குபவருக்கும் அதே தாள். ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் பந்தல், சாப்பாடு, செக்யூரிட்டி என்று வாசிக்கும் கணக்கில் கலைஞர் ஊதியம் என்று ஒரு வரி கூடும். நான் பேசிப் பார்த்த சங்கத்துக்காரர்கள் இதை எதிர்க்கவில்லை. யார் முதலில் தொடங்குவது என்பதில்தான் நிற்கிறது. ஒரு கோயிலில் கொடுத்துவிட்டால் மற்றக் கோயில்களிலும் கேட்பார்களே என்கிறார்கள்.